எல்.பி.என்.னா, ஆர்.என்.னா? அமெரிக்காவில் எந்த நர்ஸ் லைசென்ஸுக்கு எங்கே வேலை

அமெரிக்காவில் நர்ஸாக வேண்டும் என்று இறங்குபவர் முதலில் தீர்க்க வேண்டியது, எந்த லைசென்ஸுக்குப் படிப்பது என்பதை. எல்.பி.என். எனப்படும் லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ் படிப்பு சுமார் ஒரு வருடத்தில் முடியும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இதையே எல்.வி.என். என்கிறார்கள். ஆர்.என். எனப்படும் ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு ஏ.டி.என். படிப்பு. மற்றொன்று, பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.எஸ்.என். பட்டம். ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு 12 முதல் 18 மாதத்தில் முடிகிற வேகமான பி.எஸ்.என். படிப்பும் இருக்கிறது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி ஆர்.என்.களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 93,600 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். எல்.பி.என்.களுக்கு அந்த நடுப்புள்ளி 62,340 டாலர். மணிக்கணக்கில் பார்த்தால் 45 டாலருக்கு எதிராக 30 டாலர். அதே துறை 2034 வரை ஆர்.என். வேலைகள் 5 சதவீதமும் எல்.பி.என். வேலைகள் 3 சதவீதமும் வளரும் என்கிறது. "வெறும் 3 சதவீதமா?" என்று இதைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. வேலை காலியாவது பெரும்பாலும் ஓய்வு பெறுவோராலும் துறையை விட்டுப் போவோராலும்தான். அதையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 54,000 எல்.பி.என். இடங்களும் 1,90,000-ஐ ஒட்டி ஆர்.என். இடங்களும் காலியாகின்றன. எந்த லைசென்ஸ் எடுத்தாலும் வேலையில்லாமல் உட்கார மாட்டீர்கள். எந்தக் கட்டடத்துக்குள், எந்த ஷிப்டில், பத்து வருடம் கழித்தும் அதே இடத்திலா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

எல்.பி.என்.களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நர்ஸிங் ஹோம் போன்ற முதியோர் பராமரிப்பு இடங்களில் வேலை செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஏழில் ஒரு பங்குதான். ஆர்.என்.களிடம் இது அப்படியே தலைகீழ்: பத்தில் ஆறு பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் ஆறு சதவீதம் அளவே. (நம்மூரில் நர்ஸிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அது நீண்டகாலம் தங்கியிருக்கும் முதியவர்களுக்கும், ஆபரேஷன் முடிந்து சில வாரம் பிசியோதெரபிக்கு வருபவர்களுக்குமான இடம்.)

ஏன் இப்படி? நர்ஸிங் ஹோம்களுக்கான மத்திய அரசு விதி, ஒரு ஆர்.என். தினமும் தொடர்ச்சியாக 8 மணி நேரம் இருந்தால் போதும் என்கிறது. மிச்ச 16 மணி நேரத்துக்கு லைசென்ஸ் உள்ள நர்ஸ் இருக்க வேண்டும், அவர் எல்.பி.என். ஆக இருக்கலாம். மாலையிலும் இரவிலும் அந்தக் கட்டடத்தை ஓட்டுவது எல்.பி.என். என்பதற்கு இந்த ஒரு வரிதான் காரணம். 24 மணி நேரமும் ஆர்.என். வேண்டும் என்று 2024-ல் ஒரு புதிய விதி வந்தது. 2025 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் அதன் அமலாக்கத்தை 2034 வரை நிறுத்தி வைத்தது. எல்.பி.என். வேலைச் சந்தைக்கு மேல் தொங்கிய கத்தி இப்போதைக்கு விலகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மாலை ஷிப்ட் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது. மூன்று மணிக்கு உள்ளே போனதும் முந்தைய ஷிப்ட் நர்ஸோடு சேர்ந்து போதை மருந்து லாக்கரை எண்ண வேண்டும். ஒவ்வொரு ஆக்ஸிகோடோன் மாத்திரையும் ஏட்டில் உள்ள எண்ணோடு பொருந்தினால்தான் சாவியை வாங்கலாம். பொருந்தாமல் சாவியை வாங்கினால் காணாமல் போனது உங்கள் கணக்கில் வரும். அப்புறம் மருந்து வண்டி. 28 பேர் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணி மருந்தை நாலிலிருந்து ஆறுக்குள் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. 120 நிமிடத்தை 28-ஆல் வகுத்தால் ஒருவருக்கு நான்கே கால் நிமிடம். அதற்குள் மாத்திரையைப் பொடித்து ஆப்பிள் சாஸில் கலந்து கொடுப்பது, கண் சொட்டு, வயிற்றுக் குழாய் வழியாக மருந்து, அதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் செலுத்துவது எல்லாம் அடங்க வேண்டும்.

இதில் அடிக்கடி கோட்டை விடுகிற இடம் இன்சுலின். லிஸ்ப்ரோ போன்ற வேகமான இன்சுலினைச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரத்துக்கு முன்பு போட வேண்டும். வண்டி ஓட்டத்தில் நாலரைக்கே போட்டுவிட்டு, சமையலறைத் தட்டு ஐந்தரைக்கு வந்தால், நடுவில் சர்க்கரை இறங்கி ஆள் வியர்த்து மயங்கிப் போவார். அனுபவமுள்ள எல்.பி.என்.கள் சர்க்கரை அளவை முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொண்டு, தட்டு வண்டி ஹாலுக்குள் வந்தபிறகே ஊசியை எடுப்பார்கள். மாநில ஆய்வாளர்கள் வந்து பின்னால் நின்று பார்க்கும் நாளில் மருந்துப் பிழை விகிதம் 5 சதவீதத்தைத் தொட்டாலே அந்த இல்லத்தின் மீது விதிமீறல் குறிப்பு விழும். நேரம் தவறுவதும் அந்தக் கணக்கில் சேரலாம்.

ஆஸ்பத்திரிக் கதை வேறு. மத்திய மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு நோயாளியின் பராமரிப்பையும் ஒரு ஆர்.என். மேற்பார்வையிட்டு மதிப்பிட்டாக வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் முதல் மதிப்பீட்டை முழுதாகச் செய்வது, கேர் பிளான் எழுதுவது, நரம்பு வழியாக மருந்தை நேரடியாகச் செலுத்துவது ஆகியவை எல்.பி.என். கைக்கு வராது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். கலிபோர்னியாவில் தனிச் சான்றிதழ் வாங்கிய எல்.வி.என். ஐ.வி. போட்டு சலைன் ஏற்றலாம், மருந்து ஏற்ற முடியாது. இப்போது வார்டு மேனேஜரின் இடத்தில் நின்று பாருங்கள். நான்கு எல்.பி.என். வைத்தால் அவர்கள் செய்ய முடியாத வேலையெல்லாம் பக்கத்து ஆர்.என். தலையில் விழும். அவர் தன் ஐந்து நோயாளிகளோடு மற்றவரின் ஐந்து பேருக்கும் ஐ.வி. மருந்து கொடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கூலியில் மிச்சமாகும் மணிக்கு 15 டாலர் இந்தக் குழப்பத்துக்கு ஈடாகாது என்று பல ஆஸ்பத்திரிகள் எல்.பி.என். இடங்களைப் படிப்படியாக மூடின. கோவிட் காலத்து ஆள் பற்றாக்குறையில் சில இடங்களில் ஆர்.என்., எல்.பி.என்., உதவியாளர் மூவரும் ஒரு குழுவாக வேலை செய்யும் முறை திரும்பி வந்தது. அதை நம்பி எல்.பி.என். எடுப்பது சரியான கணக்கு ஆகாது. ஆஸ்பத்திரி வார்டுதான் உங்கள் ஆசை என்றால் நேராக ஆர்.என். பக்கம் போங்கள்.

டாக்டர் கிளினிக்குகள் பகல் வேலை, வார இறுதி விடுமுறை என்பதால் பலருக்கும் கண் அங்கேதான். எல்.பி.என்.களில் எட்டில் ஒருவர் கிளினிக்கில் இருக்கிறார். ஆனால் அங்கே கீழிருந்து போட்டி வருகிறது. ஊசி போடவும், பி.பி. பார்க்கவும், ஈ.சி.ஜி. எடுக்கவும் மெடிக்கல் அசிஸ்டென்ட் போதும் என்றால் கிளினிக் முதலாளி குறைந்த கூலிக்காரரையே எடுப்பார். முதியோர் இல்லங்களிலும் இதே நெருக்கடி ஒரு வடிவத்தில் உண்டு. பல மாநிலங்களில் மெடிக்கேஷன் எய்ட் என்ற சான்றிதழ் பெற்றவர்கள் மாத்திரை வண்டியைத் தள்ளுகிறார்கள். மேலே ஆர்.என்., கீழே இவர்கள் என்று எல்.பி.என். நடுவில் அழுத்தப்படுகிறார். காயக் கட்டு, வயிற்றுக் குழாய், டிரக்கியாஸ்டமி (மூச்சுவிட கழுத்தில் போடும் துளை), வென்டிலேட்டர் போன்றவற்றில் கைதேர்ந்த எல்.பி.என்.னை இப்படி எளிதில் மாற்ற முடியாது. அதனால்தான் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை வீட்டிலேயே ஷிப்ட் போட்டுப் பார்த்துக்கொள்ளும் பிரைவேட் டியூட்டி வேலை எல்.பி.என்.களுக்கு நல்ல தனி வழி. ஒரே நோயாளி, அமைதியான வேலை. குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால் உங்கள் ஷிப்ட் காணாமல் போகும் என்பது அதன் மறுபக்கம். எனவே இரண்டு குடும்பங்களில் நாள் பிரித்து வைத்துக்கொள்வது வழக்கம்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஹோம் ஹெல்த் விசிட் வேலை இதிலிருந்து வேறு. அங்கே நோயாளியைச் சேர்க்கும்போது செய்யும் ஓயாசிஸ் மதிப்பீட்டை எல்.பி.என். செய்யக் கூடாது. ஏஜென்சிக்குப் பணம் வருவது அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் என்பதால் ஆர்.என்.னுக்குத்தான் அங்கே மவுசு. தொடர் விசிட்டுகள் மட்டும் எல்.பி.என்.னுக்கு வரும்.

ஆர்.என். பக்கம் எல்லாம் பால் ஆறு என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாகத் தேறிய ஆர்.என்.னுக்கு முதல் ஆஸ்பத்திரி வேலை கிடைப்பதுதான் கடினம். பெரிய நகரங்களில், குறிப்பாகக் கலிபோர்னியாவின் கடலோரப் பகுதிகளில், "ஓராண்டு அனுபவம் தேவை" என்ற வரி விளம்பரத்துக்கு விளம்பரம் இருக்கும். அங்கே சம்பளம் தூக்கலாக இருப்பதுதான் காரணம். 2023-ல் அந்த மாநில ஆர்.என். சராசரி 1,37,690 டாலர். நோயாளி எண்ணிக்கைக்கும் சட்டப்படி வரம்பு இருக்கிறது: சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து பேர், ஐ.சி.யு.வில் இரண்டு பேர். நாடு முழுக்க உள்ள நர்ஸ்கள் அங்கே பாய்வார்கள் அல்லவா. நியூ கிராட் ரெசிடென்சி எனப்படும் புதியவர்களுக்கான சேர்க்கை பல ஆஸ்பத்திரிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் திறக்கும். தேர்வு எழுதுவதற்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும். முடிவு வந்த பிறகு தேட ஆரம்பித்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். சிறு ஊர்களுக்கும் உள்மாநிலங்களுக்கும் போகத் தயாரானவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆர்.என்.னுக்குள்ளேயே ஏ.டி.என்., பி.எஸ்.என். பிளவும் இருக்கிறது. இருவரும் எழுதுவது ஒரே தேர்வு, வாங்குவது ஒரே லைசென்ஸ். ஆனால் நர்ஸிங் தரத்துக்குத் தரப்படும் மேக்னட் அங்கீகாரம் வைத்திருக்கும் அல்லது தேடும் ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என். உள்ளவர்களை முன்னால் எடுக்கும். நியூயார்க்கில் 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டப்படி, புதிதாக வரும் ஆர்.என்.கள் பத்தாண்டுக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும். ஏ.டி.என். படித்து, வேலைக்குச் சேர்ந்து, ஆஸ்பத்திரியின் படிப்பு உதவித் தொகையிலேயே ஆன்லைனில் பி.எஸ்.என். முடிப்பதுதான் கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் வழி.

ஆர்.என்.னுக்கு மட்டும் திறக்கிற இடங்கள் வார்டைத் தாண்டித்தான் அதிகம்: கேஸ் மேனேஜர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒப்புதல் பரிசீலனை, கம்ப்யூட்டர் பதிவேட்டு வேலை, கல்லூரி ஆசிரியர், பிறகு மேல்படிப்போடு நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்து நர்ஸ். முதுகு வலிக்க ஆரம்பிக்கும் 45 வயதில் இந்த இடங்களின் அருமை தெரியும். எல்.பி.என்.னுக்கும் மேசை வேலைகள் சில உண்டு. எம்.டி.எஸ். எனப்படும் நர்ஸிங் ஹோம் மதிப்பீட்டுப் பதிவை ஒருங்கிணைப்பது அதில் ஒன்று. அங்கேயும் முடிவில் கையெழுத்துப் போடுவது ஆர்.என்.தான்.

இனி பணக் கணக்கு. எல்.பி.என். ஒரு வருடத்தில் முடித்து வேலைக்குப் போகிறார். ஏ.டி.என். படிப்பவர் அனாட்டமி, மைக்ரோபயாலஜி போன்ற முன்பாடங்களுக்கு ஒரு வருடம், படிப்புக்கு இரண்டு என மூன்று வருடம் எடுக்கிறார். நடுச்சம்பளத்தை வைத்துப் பார்த்தால் எல்.பி.என். அந்த இரண்டு வருட இடைவெளியில் 1,24,680 டாலர் முன்னால் நிற்பார். ஆனால் ஆர்.என். வேலைக்கு வந்த பிறகு ஆண்டுக்கு 31,260 டாலர் அதிகம் வாங்குவார். நான்கு வருடத்தில் இடைவெளி மூடிவிடும். அதாவது தொடங்கிய ஏழாம் ஆண்டு முடிவில் இருவரும் சமம், அதன்பின் ஆர்.என். மேலே. தொடக்கச் சம்பளம் இருவருக்குமே நடுச்சம்பளத்தைவிடக் குறைவு, படிப்புச் செலவும் வரியும் இதில் இல்லை என்பதால் மாதக் கணக்கில் முன்பின் ஆகும். 30 வயதில் தொடங்குபவருக்கு இந்தக் கணக்கு ஆர்.என். பக்கம் தெளிவாகச் சாய்கிறது. 52 வயதில், வீட்டு வாடகை அடுத்த மாதமே தேவை என்றிருப்பவருக்கு எல்.பி.என். தவறான முடிவு ஆகாது.

"முதலில் எல்.பி.என்., பிறகு பிரிட்ஜ் படிப்பில் ஆர்.என்." என்பது மூன்றாவது வழி. சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு செமஸ்டரில் முடியும், நடுவில் மணிக்கு 30 டாலர் வருமானமும் இருக்கும். இதில் சறுக்குகிற இடம் ஒன்றுதான். தனியார் பயிற்சிப் பள்ளிகளில் எடுத்த எல்.பி.என். பாடங்களின் கிரெடிட்டைப் பல கம்யூனிட்டி காலேஜ்கள் ஏற்பதில்லை. விளம்பரத்தில் "அங்கீகாரம் பெற்றது" என்று இருக்கும். அது மாநில நர்ஸிங் போர்டின் ஒப்புதலாக மட்டும் இருந்தால் தேர்வு எழுதலாம், அவ்வளவுதான். பிரிட்ஜுக்குப் போக ஏ.சி.இ.என். போன்ற தேசிய அங்கீகாரமும், கிரெடிட்டை எடுத்துக்கொள்ளும் ஒரு கல்லூரியும் வேண்டும். ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் நீங்கள் கடைசியில் சேர விரும்பும் பிரிட்ஜ் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, இன்ன பள்ளியின் எல்.பி.என். படிப்பை ஏற்பீர்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அதன் பிறகு எல்.பி.என். பள்ளிக்குப் பணம் கட்டுங்கள். அறிவியல் பாடங்களுக்கு ஐந்து அல்லது ஏழு ஆண்டு ஆயுள் என்று பல கல்லூரிகள் வைத்திருப்பதையும் கேளுங்கள். எல்.பி.என். ஆகி எட்டு வருடம் கழித்து பிரிட்ஜுக்குப் போனால் அனாட்டமியை மறுபடி படிக்க வேண்டி வரலாம்.

குறுக்குவழி விற்பவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட ஆபரேஷன் நைட்டிங்கேல் வழக்கில், புளோரிடாவின் மூன்று பள்ளிகள் வழியாக 7,600-க்கு மேற்பட்ட போலி நர்ஸிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாகத் தெரியவந்தது. வாங்கியவர்களில் பலர் தேர்வில் தேறி வேலையிலும் இருந்தார்கள். பின்னால் லைசென்ஸ் போனது. வகுப்புக்கே வராமல் பழைய தேதி போட்ட மதிப்பெண் பட்டியல் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தேர்வு இரண்டுக்கும் பெயர் என்கிளெக்ஸ்தான்: எல்.பி.என்.னுக்கு பி.என்., மற்றவருக்கு ஆர்.என். கட்டணம் 200 டாலர், நேரம் 5 மணி, கேள்விகள் 85 முதல் 150 வரை, தவறினால் 45 நாள் கழித்து மறுபடி. அமெரிக்காவில் படித்தவர்கள் முதல் முறையிலேயே பத்தில் ஒன்பது பேரை ஒட்டித் தேறுகிறார்கள். வெளிநாட்டில் படித்து வருபவர்களில் முதல் முறை தேறுவது பாதியைச் சுற்றியே இருக்கிறது. பாட அறிவு குறைவதால் மட்டும் இப்படி ஆவதில்லை. "இந்த நான்கு பேரில் முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?" என்ற வகைக் கேள்வி நம்மூர்த் தேர்வுகளில் வருவது அபூர்வம்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்ஸிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்தவர்கள் எல்.பி.என். பக்கம் திரும்பவே தேவையில்லை. அவர்கள் படிப்பு ஆர்.என். தேர்வுக்கானது. சான்றிதழ் மதிப்பீட்டுக்குக் கல்லூரி மதிப்பெண் பட்டியலும் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலின் பதிவு உறுதியும் அந்தந்த அலுவலகத்திலிருந்தே நேராகப் போக வேண்டும். மாதக்கணக்கில் இழுப்பது இந்தக் கட்டம்தான். பழைய ஜி.என்.எம். பாடத்திட்டத்தில் படித்த ஆண்களில் சிலருக்கு மகப்பேறுப் பயிற்சி இருக்காது. அங்கே குறை சுட்டிக்காட்டும் கடிதம் வரும், அந்த ஒரு பாடத்தை மட்டும் அமெரிக்காவில் எடுத்து நிரப்ப வேண்டும். தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம், வெளிநாட்டு மையத்துக்குக் கூடுதலாக 150 டாலர்.

குடியேற்றத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஆர்.என். வேலை, ஆள் பற்றாக்குறை உள்ளதாக அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்ட ஷெட்யூல் ஏ பட்டியலில் இருக்கிறது. அதனால் "உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை" என்று விளம்பரம் போட்டு நிரூபிக்கும் பெர்ம் கட்டம் கிடையாது. எல்.பி.என். அந்தப் பட்டியலில் இல்லை. ஆர்.என்.னாகவே போனாலும் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈ.பி.-3 எனப்படும் வேலைவழி கிரீன் கார்டு வரிசை பல ஆண்டு நீளம். ஏஜென்ட் "இரண்டே வருடம்" என்றால் மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினைத் திறந்து இந்தியா கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) அங்கிருப்பவர்கள் எந்தப் படிப்பிலும் சேரலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்க மட்டும் ஈ.ஏ.டி. எனப்படும் வேலை அனுமதி அட்டை வேண்டும், அதன் புதுப்பிப்பு தாமதமானால் வேலையும் நிற்கும். லைசென்ஸுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் மாநிலமா என்று படிப்பில் சேரும் முன்பே போர்டில் விசாரிப்பது நல்லது.

கனடாவில் இருப்பவர்கள் மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே எல்.பி.என். இரண்டாண்டு டிப்ளமா, ஒன்டாரியோவில் அதற்கு ஆர்.பி.என். என்று பெயர். ஆஸ்பத்திரி வார்டுகளில் அவர்களுக்கு இடம் தாராளமாக உண்டு.

எல்.பி.என். என்றே முடிவு செய்துவிட்டால், முதல் நர்ஸிங் ஹோம் நேர்காணலில் மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். மாலை ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர்? மாத்திரை வண்டிக்கு மெடிக்கேஷன் எய்ட் உண்டா, நானேவா? இரவில் ஒருவர் கீழே விழுந்தால் மதிப்பிட ஆர்.என். கட்டடத்தில் இருப்பாரா, போனிலா? தனியாக விடுவதற்கு முன் எத்தனை ஷிப்ட் கூட இருந்து கற்றுத்தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஷிப்ட் போதும் என்கிற இடத்தில் புதியவர் சேராமலிருப்பது உத்தமம். வண்டியும் சாவியும் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து பொறுப்பேற்பது உங்கள் லைசென்ஸ்தான்.